ஓடையின் வலது கை

என் தங்கையை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஈரக்கால் என்றால்தான் தெரியும். ஆறு வயதிலிருந்தே அவள் வீட்டுக்குள் வந்தால் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஈரத் தடம் இருக்கும். அம்மா துடைத்துக்கொண்டே போவாள், இவள் பின்னாலேயே மிதித்துக்கொண்டு வருவாள். இப்போது அவளுக்கு நாற்பத்தோரு வயது. போன வாரம்கூட என் தையல் கடைக்கு வந்து, வெட்டுவதற்காகத் தரையில் விரித்திருந்த துணியின் ஓரத்தில் இரண்டு தடம் வைத்துவிட்டுப் போனாள். நல்லவேளை, அது உள்ளே வைத்துத் தைக்கிற துணி.

அவள் நகராட்சி அலுவலகத்தில் கோல் பிடிக்கிறாள். பொறியாளர் தூரத்தில் முக்காலியின் மேல் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எதிரே, எண் எழுதிய பதினான்கு அடிக் கோலை ஒருவர் நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோல் ஒரு விரல் சாய்ந்தாலும் நிலத்தின் உயரம் தப்பாகிவிடும். பதினெட்டு வருடமாக அதைச் சாயாமல் பிடிப்பவள் இவள்தான். இதற்குள் எட்டுப் பொறியாளர்கள் மாறிவிட்டார்கள். ஊரில் அவள் கோலை ஊன்றாத இடம் இல்லை; ஊன்றிய இடத்தின் உயரத்தை அவள் மறந்ததும் இல்லை. தபால் நிலையத்தின் படி நூலகத்தின் படியைவிட ஒரு சாண் தாழ்வு என்பாள். நான் நம்பாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசமட்டக் குழாயைக் கடன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்பது அங்குலம். சாண்தான்.

குளியலறைக்குத் தளம் போடுகிற கொத்தனார்கள்கூட அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இவள் ஒரு குவளைத் தண்ணீரை நடுவில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தண்ணீர் தப்பான மூலைக்குப் போனால் ஒன்றும் சொல்லமாட்டாள், கொத்தனாரைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தளத்தை இரண்டாவது முறை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் செருப்புதான். அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. நல்ல மழை. பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் ஒரு கல் வாய்க்கால் தரைக்குள் நுழைகிற இடத்தில் என் புதுச் செருப்பு இரண்டையும் உள்ளே விட்டுவிட்டாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அவள் வீட்டுக்குள் வராமல் கொல்லைப்புறத்து ஓடையில் முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். நாற்பது நிமிடத்துக்கு அப்புறம் ஒரு செருப்பைத் தூக்கிக்காட்டி, "பாத்தியா, வந்துடுச்சு" என்றாள். அன்றைக்கு அம்மாவிடம் அடி வாங்கியது அவள் மட்டுமில்லை. செருப்பைக் கழற்றி வைத்ததற்காக நானும் வாங்கினேன். இரண்டாவது செருப்பு வரவேயில்லை.

அந்த ஓடைக்குத் தனிப்பெயர் கிடையாது. நீளம் இரண்டேகால் கிலோமீட்டர். பெருமழையில் கயிறு கட்டாமல் ஆள் இறங்க முடியாது, கோடையில் வாத்துகூட நடந்துதான் போகும். அதன் அமைப்பை ஒரு முறை என் கடையில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மேசை மேல் கிடந்த ஒரு முழுக்கைச் சட்டையைக் காட்டி, இதுதான் ஓடை என்றாள். இடது கை, தண்ணீர்த் தொட்டி இருக்கிற குன்றின் அடியில் ஊறி, மரக்கடையை ஒட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இறங்கி வருகிறது. வலது கை பள்ளி மைதானத்தில் தொடங்குகிறது. சந்தையின் தகரக் கூரைகளில் விழுகிற மழையும் பஸ் பணிமனைத் தண்ணீரும் அதில்தான் சேரும். மைதானத்து ஓரத்திலேயே கல் வாய்க்காலாகப் பூமிக்குள் போய்விடுவதால் அந்தக் கை யாருக்கும் தெரியாது. இரண்டு கையும் சேருகிற இடம்தான் தோள். அதற்குக் கீழே எங்கள் தெருப் பதினொரு வீட்டின் கொல்லை. கடைசியில் பெரிய சாலைக்கு அடியில் நாலடி அகலக் கல் பாலம், அப்புறம் ஆறு. இந்தச் சட்டையின் மேல் எங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் பாலத்து வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதற்குத்தான் அலுவலகத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர். ஒரு சட்டை அளவு மண் என்று நான் புரிந்துகொண்டேன்.

பதினொன்றாவது வீடு, பாலத்துக்கு ஒட்டினாற்போல, அவளுடையது. அவளுடைய மாமியார் நாலு வருடமாகப் படுத்த படுக்கை. முந்தின பெருமழையில் பாலம் தண்ணீரை விழுங்க முடியாமல் திணறியபோது, மாமியாரின் கட்டிலை ஒரு காலுக்கு நாலு செங்கல் வைத்துத் தூக்கினார்கள். தண்ணீர் மூன்றாவது செங்கல் வரை வந்து நின்றது. தூக்கியவர் என் வீட்டுக்காரர். தண்ணீர் வடிந்த பிறகும் அந்தச் செங்கற்களை அவள் எடுக்கவில்லை.

அந்தப் பாலம் விரிசல் விட்டுவிட்டது. அதை இடித்துவிட்டுக் குழாய் பதிப்பதாக நகராட்சி முடிவு செய்தது. எவ்வளவு பெரிய குழாய் என்பது எவ்வளவு நிலத்துத் தண்ணீர் வருகிறது என்பதைப் பொறுத்தது. புதிதாக வந்த பொறியாளர் வரைபடத்தை விரித்து, எண்பது ஏக்கர், இரண்டடிக் குழாய் போதும் என்று எழுதிவிட்டார். மோசமான மனிதர் இல்லை. நேரத்துக்கு வருவார், எந்த நாளும் வெள்ளைச் சட்டை, கறை என்றால் ஆகாது. தங்கை கோலைக் கீழே வைத்துவிட்டு, வலது கைத் தண்ணீர் இதில் இல்லையே என்றிருக்கிறாள். அந்தத் தண்ணீர் மேட்டுக்கு அந்தப் பக்கம் வடக்கே போகிறது என்று அவர் வரைபடத்தைக் காட்டினார். மூன்று நாள் காலை ஏழு மணிக்குத் தானே பாலத்தில் வந்து பார்த்ததாகவும், ஒரு வாளி நிறையக்கூடத் தண்ணீர் ஓடவில்லை என்றும் சொன்னார். வரைபடமும் கண்ணும் ஒரே சாட்சி சொன்னால் கோல் பிடிக்கிறவள் பேச்சு எப்படி எடுபடும்?

அன்று மாலை அவள் அந்த வரைபடத்தின் நகலை என் வெட்டுமேசையில் விரித்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிகிற மேட்டுக்கோடு என்று ஒன்று, மேலிருந்து கீழாகத் தாளின் நட்டநடுவில் இறங்கியது. எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. துணி பார்க்கத் தெரியும். அளவு நாடாவை வைத்தேன். இடது ஓரத்திலிருந்து பதினைந்து அங்குலம், வலது ஓரத்திலிருந்தும் பதினைந்து. கோடு நூல் பிடித்த மாதிரி நேர்.

"இது மேடு இல்லடி, மடிப்பு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அப்புறம் என் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பழைய மூலத்தாளை யாரோ இரண்டாக மடித்து நாற்பது வருடம் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள். பிரதி எடுத்தவர், உண்மையான மேட்டுக்கோடு மங்கிப்போயிருந்ததால், பளிச்சென்று தெரிந்த மடிப்பின் மேலேயே மையை ஓட்டிவிட்டார். எங்கள் ஓடையின் வலது கை அப்படித்தான் வெட்டுப்பட்டது.

மறுநாள் இதைச் சொன்னபோது பொறியாளர் சிரித்துவிட்டு, வரைபடத்தைத் தையல் கடையில் திருத்துகிற வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை என்றார். ஆனாலும் நியாயத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டடிக் குழாய்க்குக் கையெழுத்துப் போடப் போகிறார்; அதற்குள் பணிமனைத் தண்ணீர் பாலத்துக்கு வருகிறது என்று கண்ணால் காட்டினால் நிறுத்திவைப்பார்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் பணிமனையில் தினமும் காலை ஆறு மணிக்கு இருபது பஸ் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் மண் தங்குகிற தொட்டியில் தெளிந்து கல் வாய்க்காலில் விழும். தங்கை அடுமனைக்காரரிடம் போய், கேக்கின் மேல் ரோஜாப்பூப் போடுகிற சிவப்புத் தூள் இரண்டு கிலோ கேட்டாள். அவர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டிருக்கிறார். "ஓடைக்கு" என்றாளாம். சாப்பிடுகிற தூள் என்பதால் வாத்துக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லை என்பதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு பலர் பலவிதமாகப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்குத் தூளைக் கரைத்து ஊற்றினாள். பணிமனையில் பஸ் கழுவுகிற நாலு பேர் சாட்சி. ஏழு மணிக்குப் பொறியாளர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். இவள் ஓடைக்குள் நின்றாள். தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை, நிறமில்லாமல்தான் இருந்தது. ஏழரை ஆனது. எட்டு ஆனது. வாத்துகள் வந்து இவளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. எட்டேகாலுக்குப் பொறியாளர் எழுந்து கைக்குட்டையை மடித்தார்.

"நிறம் வடக்கே போயிருக்கும்மா. அங்க யாராவது பாத்து மயங்கி விழாம இருந்தா சரி" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். அன்பாகச் சொல்லிவிட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு அவள் என் கடையில், நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்துகொண்டு தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த வாய்க்கால் எங்கேயாவது இடிந்து திசை மாறியிருக்குமோ என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். செங்கல் இன்னும் எட்டு வாங்க வேண்டும் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணை என் பக்கம் திருப்பவில்லை.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சலவைக்கடைக்காரர். அவர் கடையும் என் கடையும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு கதவு. கடைக்குப் பின்னால் ஐந்து வருடத்துக்கு முன் உயரமாக ஒரு மதில் கட்டினார். அதற்குள் யாரும் போகக் கூடாது, பாம்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். எனக்குப் பாம்பு என்றால் அந்தப் பேச்சே ஆகாது. தங்கைக்கு எதற்கும் பயமில்லை, ஆனால் அக்கா வீட்டுக்காரர் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை உள்ளே ஒரு மோட்டார் ஓடும். குழாய்த் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறேன் என்பார். இந்த விஷயத்தில் என் தங்கை செய்த ஒரே தப்பு, அந்தப் பாம்பை நம்பியதுதான். நான் செய்த தப்பும் அதுவே.

அடுத்த கடையில் பொறியாளரின் குரல் கேட்டது. அவர் வாரம் ஒருமுறை ஆறு சட்டை சலவைக்குப் போடுவார், வெள்ளிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்வார்.

"என்னங்க இது?"

என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சிவப்புத் துணி ஒன்று தெரியாமல் கலந்துவிட்டது, மறுபடி வெளுத்துத் தருகிறேன் என்று அவர் குழைந்தார்.

தங்கை தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள். மெதுவாக எழுந்து நடுக்கதவில் போய் நின்றாள். மேசையில் ஆறு சட்டையும் வரிசையாக இருந்தன. ஆறும் விடிகிற நேரத்து வானம் மாதிரி இளஞ்சிவப்பு. அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அழவில்லை.

"மாமா, அந்தச் சிவப்புத் துணியைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

அது கொடுத்தாகிவிட்டது என்றார் அவர்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பதினேழு வருடக் குடும்பத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. சலவைக்கு வருகிற ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அடையாள நூல் வைத்துத் தைப்பது நான். என்னிடம் கேட்டால் பொய் வராது என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் பொறியாளர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு முதல் ஈட்டுல நாப்பத்திரண்டு விடுதி விரிப்பு, ஆறு சட்டை. எல்லாம் வெள்ளை. நூல் வெச்சது நான்தான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அவர் சமாளித்திருக்கலாம்; சலவைக்காரருக்குச் சொல்லக் காரணமா இல்லை? சோப்பு புதுசு என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? மோட்டார் போய்விட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீருக்கு அவர் தவம் கிடக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார். தங்கை முந்திக்கொண்டாள்.

"மாமா, எனக்கு ஒண்ணும் வேணாம். பாம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. சார் நாளைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போடுறாரு."

அவர் வாயை மூடிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி ஓரமாக வைத்தார்.

"அத்தை கட்டிலை நான்தானே தூக்கினேன். என்னா கனம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

நாங்கள் நாலு பேரும் மதிலுக்குப் பின்னால் போனோம். புதருக்கு நடுவில், செருப்பு போன நாளுக்குப் பிறகு நான் பார்க்காத அந்தக் கல் வாய்க்கால் பூமியிலிருந்து வெளியே வருகிற வாய். அதற்குக் கீழே ஆளுயரக் குழி, குழிக்குள் மோட்டார். வாய்க்காலில் வருகிற அத்தனை தண்ணீரும் ஓடைக்குப் போகாமல் அந்தக் குழியில் விழுந்து மேல்தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. காலை ஏழு மணிக்குப் பாலத்தில் ஏன் தண்ணீர் இல்லை என்பது பொறியாளருக்கு அங்கேதான் விளங்கியது. அவர் குந்தி உட்கார்ந்து குழியின் சுவரைத் தடவினார். விரல் சிவந்தது.

"பணிமனையில போட்டதா?"

"ஆறு பத்துக்கு, சார்."

"அப்போ என் சட்டை..."

"பஸ் குளிச்ச தண்ணி, சார்" என்றாள் தங்கை, ரொம்ப மரியாதையாக.

மணல் தொட்டியில் வடிகட்டித்தான் எடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் பதறினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுல ஏற்கெனவே சோப்பும் இருக்குங்க சார்" என்றார்.

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து இரண்டாக மடித்தார். மடிப்பு, மேட்டுக்கோட்டின் மேல் மயிரிழை தவறாமல் உட்கார்ந்தது. விரித்தார், மறுபடி மடித்தார். "தையல் கடையில திருத்துற வழக்கத்தை ஆரம்பிச்சிடலாம்போல" என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து விழவில்லை. திங்கட்கிழமை கருவியைத் தூக்கிக்கொண்டு இருவரும் மைதானம், சந்தை, பணிமனை எல்லாம் அளந்தார்கள். நான் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். வெயிலில் என் தங்கை கோலோடு கோலாக நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கோல். எண்பது ஏக்கர் இருநூற்றுப் பத்து ஏக்கராயிற்று. இரண்டடிக் குழாய் போய், நாலடிக் குழாய் இரண்டு வந்தது. வரைபடத்தில் புதிய மேட்டுக்கோடு ஒரு மனிதர் குடித்துவிட்டு நடந்த மாதிரி வளைந்து வளைந்து போகிறது. மேடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள்.

மோட்டாரை எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பத்து நாள் தங்கையிடம் பேசவில்லை. பதினோராவது நாள் விடுதிக்காரர் வந்து, அந்த இளஞ்சிவப்பு விரிப்பு தங்க வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது, மீதியையும் அப்படியே செய்து தர முடியுமா என்று கேட்டார். பேச வேண்டியதாகிவிட்டது, தூளின் அளவு அவளுக்குத்தானே தெரியும். பொறியாளரின் ஐந்து சட்டை வெளுத்துவிட்டன. ஆறாவது மட்டும் பிடிவாதம் பிடித்தது. குழாய் இறக்கிய அன்று அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். சேறு தெறித்தபோது துடைக்கக்கூட இல்லை.

அந்த வருட முதல் பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்தது. மூன்று மணி நேரம் விடாமல் ஊற்றியது. நான் குடையோடு தங்கை வீட்டுக்கு ஓடினேன். மாமியார் கட்டிலில் படுத்துக்கொண்டு சன்னல் வழியாக ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசலின் முதல் படியைத் தொடவில்லை; நாலு விரல் கீழே நின்றது, நான் நாடா வைத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் செங்கல் இல்லை. பதினாறும் கொல்லையில் அடுக்கியிருந்தன.

இவள் வீட்டில் இல்லை. குழாயின் வாய்க்கருகே ஓடையில் இறங்கி, இடுப்பில் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையைக் கரையில் ஒரு கல்லில் சுற்றிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே வெறுங்காலோடு வந்தார். கடை வாசலில் விட்டிருந்த செருப்பைக் காணவில்லை என்றார்.

தங்கை குனிந்து தண்ணீரிலிருந்து எதையோ எடுத்தாள். சரியாக முப்பத்தெட்டு நிமிடம் என்றாள். மைதானத்து வாய்க்காலின் வாயில் அதை விட்டிருக்கிறாள்.

"இந்தாங்க மாமா."

ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று அவர் கேட்டார்.

"விட்டிருக்கேன், வரும். அக்காவோடதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது."